ஜெகநாதன் பேரில் ஒரு கிணறு

சார்லி செத்துப்போன ஆறாம் நாள் மதியம், எங்கள் முதலாளி ஜெகநாதன் அவனைப் போரில் தோற்கடித்தார்.

அதில் புதிதாக ஒன்றுமில்லை. அவன் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். பதினோரு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். அத்தனையிலும் முதலாளிக்கே வெற்றி. இந்தப் பட்டியலை ஆட்டமே வைத்திருக்கும். முதலாளி அதை மாதம் ஒருமுறை அச்செடுத்து, சட்டத்துக்குள் போட்டு, கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார். காலையில் ஊதுபத்தி காட்டும்போது புகை இரண்டுக்கும் பொதுவாகப் போகும்.

கடை என்பது ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுத் தருகிற கடை. பூவையும் மயிலையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதற்கேற்ப அட்டையில் துளை குத்தி, தறிக்கு அனுப்புவோம். மூன்று கம்ப்யூட்டர். ஒன்று சார்லியுடையது, ஒன்று என்னுடையது. மூன்றாவதுதான் இருப்பதிலேயே பெரியது, விலை கூடியது. அதில் முதலாளி கோட்டை ஆடுவார்.

'கோட்டை' நாங்கள் வைத்த பெயர். பெட்டியின் மேல் நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது, அது யார் வாயிலும் நுழையவில்லை. ஆளுக்கு ஒரு கோட்டை, நாலு வேலையாட்கள். அவர்களை வைத்து மரம் வெட்டி, கல் உடைத்து, படை சேர்த்து, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். சதுரங்கம் மாதிரி நீ ஒன்று நான் ஒன்று என்று முறை கிடையாது. நீங்கள் தாடையைத் தடவி யோசிக்கிற நேரத்தில் எதிராளி பத்து மரம் வெட்டியிருப்பான். அதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். குறைகளும் உண்டு. படைவீரன் ஒரு மரத்தைச் சுற்றிப் போகத் தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்பான். வேலையாள் சுவர் மூலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காலை உதைப்பான். எனக்குப் பிடிபடாத குறை இன்னொன்று. எதிரியின் நிலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், நீங்கள் கடைசியாகப் பார்த்தபடியே அது படத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கும். அதற்குள் அங்கே வீடு எரிந்து தரைமட்டமாகி இருக்கலாம். திரும்பக் கிட்டே போய்ப் பார்க்கிற வரை உங்களுக்கு அந்த வீடு இருக்கும்.

பட்டு வியாபாரிகள் விழாவில் முதலாளி இதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். தலைப்பு, 'களத்தில் கற்ற நிர்வாகம்'. கல்யாண மண்டப வாசலில் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ். படத்தில் கையில் வாள் இருந்தது. ஆட்டத்தின் நிறைகளாகத் தன்னுடைய குணங்கள் ஒன்பதைச் சொன்னார். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான், தனக்குச் சமமாக ஆட ஆள் கிடைக்கவில்லை என்றார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான் சார்லி. நானும்தான்.

உண்மை இதுதான். ஆட்டம் வாங்கிய புதிதில், பட்டியல் தொடங்குவதற்கு முன், பழகிப் பார்ப்பதற்காக ஒரு ஆட்டம் ஆடினார்கள். அதில் சார்லி ஜெயித்துவிட்டான். அந்த வாரம் அவன் போட்ட பார்டர் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை முதலாளி பூவின் இதழ்களை எண்ணச் சொன்னார். அதற்கப்புறம் சார்லி ஜெயிக்கவில்லை. அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே எழவில்லை. குடை எடுத்துக்கொண்டு வருவதைப் போல அவன் தோல்வியை எடுத்துக்கொண்டு வந்தான்.

தோற்பது லேசான வேலையும் இல்லை. முதலாளி ஆடுகிற ஆட்டத்துக்கு அவரிடம் தோற்க வேண்டுமானால் நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும். அவர் படையை மரத்தில் முட்ட விட்டுவிட்டு மோர் குடிப்பார். அந்தப் படை வழி கண்டுபிடித்து வந்து சேருகிற வரைக்கும் சார்லி தன் வாசற்கதவைத் திறந்து வைத்து, காவலாட்களை வேறு பக்கம் அனுப்பி, சந்தேகம் வராமல் காத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சார்லி போனது செப்டம்பரில், மழைக்காய்ச்சலில். வேலூர் ஆஸ்பத்திரியில் நாலே நாள். முள்ளிப்பட்டில் அவன் வீடு. மண் போட்டுவிட்டு வந்த பிறகு மூன்று நாள் கடை மூடியிருந்தது. திறந்த அன்று, அவன் பாதியில் விட்ட முந்தானை டிசைனை எடுப்பதற்காக அவனுடைய கம்ப்யூட்டரைப் போட்டேன். எடுத்தேன். அணைக்க மறந்துவிட்டேன்.

ஒரு மணிக்கு முதலாளி கோட்டையைத் திறந்தார். பழக்க தோஷம், பட்டியலில் சார்லி பேரைத் தொட்டார். அந்த ஆட்டத்தில் ஒரு வசதி இருந்தது. அழைத்த ஆள் வராவிட்டாலும், ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனாலும், அவர் இடத்தில் கம்ப்யூட்டரே உட்கார்ந்து ஆடும். நாங்கள் அதைப் பதிலாள் என்போம். சும்மா ஆடாது. அந்த ஆள் இதுவரை ஆடிய எல்லாவற்றையும் பார்த்துப் பழகி, எந்த எதிராளியிடம் எப்படி ஆடுவானோ அப்படியே ஆடும். கடைக்கு ஆள் வந்தால் எழுந்து போகிறவன் சார்லிதான். ஆகவே அவனுடைய பதிலாளுக்குப் பதினோரு வருடப் பழக்கம்.

நான் டப்பாவைத் திறந்து தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஆளில்லாத நாற்காலிக்கு எதிரே சார்லியின் திரை விழித்துக்கொண்டது. நாலு வேலையாட்கள் வெளியே வந்தார்கள். மூன்று பேர் காட்டுக்குப் போனார்கள். நாலாவது ஆள் மட்டும் கோட்டையைச் சுற்றி ஒரு சுற்று நடந்து வந்தான்.

அது சார்லியின் பழக்கம். காரணம் கேட்டால் சிரிப்பான். வண்டியைக் கிளப்புமுன் இரண்டு டயரையும் உதைத்துப் பார்ப்பான் அல்லவா, அது போல. மேஜையில் அவனுடைய மவுஸ் அசையாமல் சிவப்பு விளக்கோடு கிடந்தது. திரையில் அவன் நிலத்தின் மூலை மூலையாகப் பார்வை தாவிக்கொண்டிருந்தது. நாற்காலியின் முதுகில் அவன் துண்டு. நான் பிசைந்த சோறு டப்பாவிலேயே இருந்துவிட்டது.

நாற்பது நிமிடத்தில் முதலாளி ஜெயித்தார். அறுநூற்றுப் பதின்மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். ஜெயித்த சந்தோஷமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் தினமும் ஆடினார். டிசைன் கேட்டு வருகிறவர்களிடம், சார்லி இன்னும் லீவு போடவில்லை என்று சொல்லிச் சிரிப்பார். வந்தவர்கள் எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்ப்பார்கள். அந்த நாலாவது வேலையாள் சுற்றி முடிக்கிற வரை நான் தலை நிமிர்வதில்லை.

அக்டோபர் நடுவில் முதலாளியின் பெரிய திரை கெட்டுப்போய் ரிப்பேருக்குப் போனது. ஒரு நாளும் நிறுத்த மனசில்லாமல் என்னுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். அதில் கோட்டை என் பேரில்தான் திறக்கும். அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வாயில் சோறு.

பத்தொன்பதே நிமிடம். வடக்கே இருந்து ஒரு படை, தெற்கே இருந்து ஒரு படை. முதலாளியின் சுவர் ஈரப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கோட்டை எரிந்தது. மிச்சம் ஒரே ஒரு வேலையாள். சார்லியின் படை அவனைத் தொடாமல் திரும்பிப் போனது. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேலையாள் தனியாக நடந்து வந்தான். முதலாளியின் ஆளுக்குப் பக்கத்தில் நின்று மண்ணை வெட்டத் தொடங்கினான். கிணறு வந்தது. அவ்வளவுதான், ஆட்டம் அப்படியே நின்றது.

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் பழனி. இன்னாய்யா இது? கிணறு தோண்டிகினு கீறான்."

மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். இருபது வருடமாக அவரிடம் எதையெல்லாமோ சொல்லியிருக்கிறேன். அன்று வரவில்லை. ஆட்டம் என் பேரில் திறந்திருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் ஆடினால் சார்லி எனக்கு அப்படித்தான் செய்வான் என்று சொன்னேன். ஜெயித்ததும் கடைசி ஆளைக் கொல்ல மாட்டான். பக்கத்தில் ஒரு கிணறு தோண்டி, பொழச்சிப் போடா, தண்ணி குடி என்பான். அப்புறம் டப்பாவைத் திறப்பான்.

"உங்கிட்ட எத்தினி வாட்டி ஜெயிச்சிக்கிறான்?"

"எல்லா வாட்டியும் தாங்க."

அவர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அதற்கான பதில் லட்சுமிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆறு மணிக்கு, ஆறு வருடத்துக்கு முந்தைய மயில் பார்டரை எடுக்கச் சொன்னார். கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த டிசைன் அது. மயில் கழுத்து குட்டையாக இருக்கிறது, இழு என்று அவர் சொன்னதும், சரிங்க மொதலாளி என்று சார்லி சொன்னதும், அதனால்தான் அது ஓடியது என்பதும் ஊரறிந்த கதை. முதல் வரைவையும் கடைசி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழுத்தைக் கட்டம் கட்டமாக எண்ணினார். ஒரு கட்டம் கூட நீளவில்லை.

மறுநாள் என்னை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனார். சார்லியின் மனைவி அமுதா காபி கொடுத்தாள். முதலாளி இதைக் கேட்டார், அதைக் கேட்டார், வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளைப் பற்றிக்கூடக் கேட்டார். கடைசியில், ஆட்டத்தைப் பற்றி வீட்டில் ஏதாவது பேசுவானா என்றார். அமுதாவுக்கு முகம் மலர்ந்தது.

"பேசாம இருப்பாருங்களா? வந்து சட்டைய கழட்டும்போதே ஆரம்பிச்சிடுவாரு. இன்னிக்கு மொதலாளிகிட்ட தோக்கறதுக்குள்ள உசுரு போயிடிச்சி, அம்மூன்னு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். காபி நன்றாக இருந்தது என்றார்.

திரும்பி வரும் வழியில், முள்ளிப்பட்டு தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார். முகத்தைத் திருப்பாமலேயே பேசினார்.

"வாரத்துல ஒரே ஒரு மணி நேரம்யா. பதினோரு வர்சம். நான் அவன சிநேகிதன்னு நெனச்சிகினு இருந்தேன். அவன் டியூட்டி பாத்துகினு இருந்துக்கிறான்."

"அப்டியெல்லாம் இல்லீங்க."

"நீ சொல்லாத. நீ இன்னா கேட்டாலும் அப்டியெல்லாம் இல்லீங்கன்னு தான் சொல்வ." பிறகு சொன்னார், "எனக்கு அந்தக் கிணறு வேணும் பழனி. எம் பேர்ல. ஒண்ணே ஒண்ணு."

நாற்பது தறிக்கு டிசைன் அனுப்புகிறவர், பட்டு வியாபாரிகள் சங்கத்தில் துணைத்தலைவர், ஃபிளெக்ஸில் வாள் பிடித்தவர், ரோட்டோரத்தில் நின்று என்னிடம் ஒரு பொம்மைக் கிணறு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பெரிய திரை ரிப்பேர் முடிந்து வந்தது. முதலாளி தன் பேரிலேயே உட்கார்ந்து, சார்லியை ஜெயிக்க வைப்பது என்று இறங்கினார். கதவைத் திறந்து வைத்தார். சார்லியின் பக்கத்திலும் கதவு திறந்தது. காவலாட்களைக் காட்டுக்கு அனுப்பினார். சார்லியின் காவலாட்களும் காட்டுக்குப் போனார்கள். இரண்டு படையும் மரத்தடியில் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன, கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு நீங்க போங்க, இல்ல நீங்க போங்க என்று நிற்கிற சம்பந்திகள் மாதிரி. முதலாளி தன் சுவரைத் தானே இடித்தார். அந்தப் பக்கம் சுவரோடு சேர்த்துக் கோபுரமும் இடிந்தது. இவர் படையைக் கலைத்தார். அவன் படையையும் குதிரையையும் கலைத்தான். கடைசியில் இந்தப் பக்கம் ஒரு வேலையாள், அந்தப் பக்கம் ஒரு வேலையாள். முதலாளி சரணடைகிற பொத்தானுக்கு மவுஸைக் கொண்டுபோனார். அழுத்துவதற்குள் அவர் திரையில் பெரிதாக எழுத்து வந்தது.

வெற்றி.

பதினோரு வருடம் தோற்றுப் பழகியவனைத் தோற்பதில் வேறு யாரால் முந்த முடியும்? மறுநாளும் வெற்றி. அதற்கு மறுநாளும். ஒரு நாள் ஆட்டம் தொடங்கி நாலாவது நிமிடமே சார்லி சரணடைந்துவிட்டான். முதலாளி சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். அது இருந்த இடத்தில் சதுரமாக வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. ஊதுபத்தி காட்டுகிறபோது கை பழக்கத்தில் அதற்கும் ஒரு சுற்று போனது. சாப்பாடு குறைந்தது. டிசைன் எதைக் காட்டினாலும், நீயே பார்த்துப் போடு என்றார். அவர் மட்டமான யோசனை சொல்லி நாங்கள் அதை ஓசைப்படாமல் திருத்துகிற காலம் எவ்வளவு நல்ல காலம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு வழி இருந்தது. பதிலாளை எடுத்துவிட்டு, சார்லியின் கம்ப்யூட்டரில் சார்லி பேரில் நானே உட்கார்ந்து ஆடலாம். அவரை ஜெயித்துவிட்டு ஒரு கிணறு தோண்டினால் முடிந்தது. சார்லி பதினோரு வருடம் தோற்றுச் செய்த வேலையை நான் ஒரே நாள் ஜெயித்துச் செய்துவிடலாம். கடைக்கு நல்லது, அவருக்கும் நல்லது. இரண்டு முறை அந்த நாற்காலி வரைக்கும் போனேன். முதுகில் துண்டு இருந்தது. அதை எடுத்தால்தான் உட்கார முடியும். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைக்கு வரச்சொல்லி அமுதா போன் செய்திருந்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு முதலாளி ஒரு மணிக்குக் கோட்டையைத் திறந்தார். நாலாவது வேலையாள் சுற்றி வந்தான். இவர் இடித்தார், அவன் இடித்தான். ஒன்றேகாலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள், வெறும் மண்ணில், எதிரெதிரே.

அன்று முதலாளி மவுஸை விட்டுவிட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும் சார்லி," என்றார். சத்தமாகக்கூட இல்லை. "எனக்கு ஆடத் தெரியாதுன்னு எனக்கும் தெரியும்டா."

நான் டப்பாவைத் திறந்தேன். ஒன்றரை ஆனது. திரையில் எதுவும் அசையவில்லை. வெளியே அட்டை குத்துகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று நாற்பது. இவர் சரணடையப் போகவில்லை, அவனும் சரணடையவில்லை.

ஒன்று ஐம்பதுக்குச் சார்லியின் ஆள் அசைந்தான்.

முதலாளியின் ஆளை ஒரு சுற்று சுற்றி வந்தான். நின்றான். மண்ணை வெட்டத் தொடங்கினான்.

ஆளில்லாத நாற்காலியைப் பார்த்தேன். துண்டு அப்படியே இருந்தது. மவுஸ் அசையவில்லை. ரொம்ப நேரம் சும்மா நிற்கிற வேலையாள் தானாக ஏதாவது கட்டத் தொடங்குவான் என்று ஆட்டத்தில் விதி இருக்கலாம். இருக்கிறதா என்று இன்றுவரை நான் தேடிப் பார்க்கவில்லை. கிணறு முழுதாக எழும்பியது. உள்ளே நீலமாகத் தண்ணீர் தெரிந்தது.

முதலாளி வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மணிக்கட்டு வரை தயிர் சாதத்தோடு உட்கார்ந்திருந்தேன். சாப்பிட உட்காருமுன் என் கம்ப்யூட்டருக்குப் போட்ட தூசி உறையைக்கூட எடுக்கவில்லை.

"நீ தான?"

"இல்லீங்க மொதலாளி."

"சும்மா சொல்லுய்யா. ஏதோ செட் பண்ணி வெச்ச, அதான?"

"சத்தியமா இல்லீங்க. கையப் பாருங்க."

கையைப் பார்த்தார். சிரித்தார். விற்கிறவன் சுத்தப் பட்டு என்று சத்தியம் செய்யும்போது வாங்குகிறவன் சிரிக்கிற சிரிப்பு.

"பரவால்ல பழனி. நல்லா பண்ண. தேங்ஸ்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சொன்னேன், இல்லீங்க, இல்லீங்க என்று நாலு முறை சொன்னேன். என் வாயிலிருந்து இருபது வருடமாக அவர் கேட்டு வந்த சொல்லும் அதுதான். முதல் முறையாக அது நிஜமாக வந்தபோது அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எதையும் தொடாமல் விட அவருக்குத் தெரியாது. எழுந்திருக்குமுன் தன் வேலையாளைப் பழைய கோட்டை இருந்த பக்கமாக நடத்திக்கொண்டு போனார். கிணறு பார்வைக்கு அப்பால் போய்ச் சாம்பல் நிறமானது. அந்த நிலையிலேயே ஆட்டத்தைச் சேமித்தார். இதை எவனும் தொடக்கூடாது என்றார்.

சாயங்காலம் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அணைந்து அணைந்து போயிற்று. முதலாளி ஒவ்வொரு முறையும் குனிந்து ஏற்றினார். அமுதாவிடம், பழனி மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான் என்றார். அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். நான் சார்லியின் பேர் எழுதிய சிலுவையைப் பார்த்தேன்.

இப்போது முதலாளி சாப்பிடுகிறார். மயில் கழுத்தை இழு என்கிறார். சரிங்க என்கிறேன். கோட்டை ஆடுவதில்லை. சில நாள் மதியம், அவர் வீட்டுக்குப் போயிருக்கும்போது, பெரிய திரையில் அந்த ஆட்டத்தைத் திறந்து பார்க்கிறேன். கிணறு அங்கேயேதான் இருக்கிறது, சாம்பலாக, கடைசியாகப் பார்த்தபடி. வேலையாளை அதன் பக்கம் பத்தடி நடக்க வைத்தால் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்னும் நடக்க வைக்கவில்லை.